எந்தக் கோப்பு நடப்பில் இருக்கிறது?

ஒரு நிறுவனத்தின் பொது ஃபோல்டரைத் தணிக்கை செய்ய உட்கார்ந்தால் நான் முதலில் தேடும் சொல் ‘ஃபைனல்’. பெரும்பாலும் ஒரே வரைபடத்துக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் திருத்தியது’ என்று மூன்று கோப்புகள் அடுத்தடுத்து கிடக்கும். எது சரியானது என்று வரைந்தவருக்குத் தெரியும். இரவு ஷிஃப்டில் அதைத் திறக்கும் ஆபரேட்டருக்குத் தெரியாது. பழைய அளவில் அவர் பாகத்தைக் கடைந்துவிட்டால் அது ஸ்கிராப். அழுத்தக் கலனின் வரைபடமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

கோப்பின் பெயரில் மாறாதவை மட்டும் இருக்கட்டும்: ஆவண எண், சுருக்கமான தலைப்பு, அதோடு ரெவிஷன், அதாவது எத்தனையாவது திருத்தம் என்ற குறி. ஆள் பெயர் வேண்டாம், அவர் வேலையை விட்டுப் போவார். துறையின் பெயரும் வேண்டாம், துறைகளை இணைப்பார்கள், பிரிப்பார்கள். ஆவண எண்ணுக்குள்ளேயே தொழிற்கூடம், இயந்திரம், வாடிக்கையாளர் என எல்லாவற்றையும் திணிக்கும் ஆசை பலருக்கு உண்டு. புதிய பொருள் ஒன்று வந்ததும் அந்த அமைப்பு உடைந்துவிடும். வெறும் வரிசை எண்ணே நீண்ட நாள் உழைக்கும். மற்ற விவரங்களைப் பதிவேட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ரெவிஷனுக்கு ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரைபடத் திருத்தங்களுக்கான அமெரிக்கத் தரமான ஏஎஸ்எம்இ ஒய்14.35, ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய ஆறையும் ஒதுக்கி வைத்திருக்கிறது. ‘ஐ’ ஒன்றாகவும் ‘ஓ’ பூஜ்யமாகவும் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே காரணம் விளங்கும்.

03-04-2024 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? இரு நாட்டு அலுவலகங்கள் ஒரே ஃபோல்டரைப் பகிரும்போது இது வெறும் சந்தேகமாக நிற்பதில்லை. தேதி எழுதும் முறைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 சொல்வதுபோல் 2024-04-03 என்று ஆண்டை முன்னால் வைத்தால் குழப்பமும் தீரும், பட்டியலும் தானாகக் கால வரிசைக்கு வரும். வரிசை எண்களுக்கும் 002, 010 என்று முன்பூஜ்யம் போடுங்கள். இல்லாவிட்டால் பல மென்பொருள்களில் 10 வந்த பிறகுதான் 2 வரும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். விண்டோஸில் பல நிரல்கள் இன்னும் முழுப் பாதைக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பில்தான் இயங்குகின்றன. அதைத் தாண்டிய கோப்பு கண்ணுக்குத் தெரியும், ஆனால் அந்த நிரலில் திறக்க மறுக்கும்.

என் அனுபவத்தில் பெரிய சேதம் பெயரால் வருவதைவிட நகலால்தான் அதிகம் வருகிறது. மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிய நொடியிலேயே அந்தக் கோப்பு உங்கள் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விட்டது. இணைப்பாக அனுப்பாமல் லிங்க் அனுப்புங்கள். ரெவிஷன் மாறியதும் பழையதைத் தனி ஆவணக் காப்பு ஃபோல்டருக்கு நகர்த்தி, அங்கே படிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். அச்சிட்ட தாளின் அடியில் ஆவண எண்ணும் ரெவிஷனும் கட்டாயம் இருக்க வேண்டும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிய தாளுக்குக் கோப்பின் பெயர் தெரியாதே! தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015-இன் 7.5.3 பிரிவு கேட்பதும் இதைத்தான்: தேவைப்படும் இடத்தில் ஆவணம் கிடைக்க வேண்டும், மாற்றங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லாப் பழைய கோப்புகளின் பெயரையும் மாற்றிவிடாதீர்கள். ஒன்றோடொன்று இணைத்த எக்செல் தாள்களும் அசெம்பிளி வரைபடங்களும் அறுந்துபோகும். இன்று தொழிற்கூடத்தில் பயன்பாட்டில் இருக்கும் ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள். மற்றவற்றை அடுத்த திருத்தம் வரும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.