கெரானைக் கைமாற்றும் முன்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்த அந்த அம்மா, வழக்கறிஞரான என் மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் டின்னை வைத்துத் திறந்தார். கணவரின் இறப்புச் சான்றிதழ், மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், ஓரம் மஞ்சள் தடவிய திருமணப் பத்திரிகை எல்லாம் இருந்தன. வீட்டின் உரிமைப் பத்திரமான கெரான் மட்டும் இல்லை. "எல்லா ஆபிசும் தெரிந்த ஆள்" என்று கொழுந்தனார் அழைத்து வந்தவரிடம் அசலையும் 6,000 வெள்ளியையும் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ரசீது இல்லை. அந்த ஆள் இப்போது தொலைபேசியையும் எடுப்பதில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இறந்தவரின் வீட்டை வாரிசுகள் பெயருக்கு மாற்றும் வேலைக்கு அவ்வளவு பணமே தேவையில்லை.

உயில் எழுதாமல் இறந்தவருக்கு நிலமோ வீடோ இருந்து, சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளியைத் தாண்டாவிட்டால், தீபகற்ப மலேசியாவில் அது சிறு சொத்து. 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சம். நிலம் இருக்கும் இடத்துக்கான புசாக்கா பிரிவில் (இறந்தவர் சொத்தைப் பங்கிடும் அரசு அலுவலகம்) பாரம் ஏ என்ற விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தால், விசாரணைக்கு நாள் குறித்து, வாரிசுகளைக் கூப்பிட்டுக் கேட்டு, பங்கீட்டு உத்தரவு தருவார்கள். குடும்பமே நேரில் விண்ணப்பிக்கலாம். உயில் இருந்தாலோ மதிப்பு கூடினாலோதான் பொதுவாக உயர் நீதிமன்றம். அங்கே பெரும்பாலும் வழக்கறிஞர் வழியாகத்தான் போவார்கள். ஆகவே உங்களிடம் முதலில் உயிலையும் மதிப்பையும் விசாரிக்காமல் கட்டணம் பேசுகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

உண்மையில் நம் குடும்பங்களைச் சிக்கவைப்பது திருமணம். அந்தப் பத்திரிகையை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: 1979, மாரியம்மன் கோயில். மூச்சு வந்தது. 1982 மார்ச் 1க்கு முன் சமயச் சடங்குப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானதாகவே கருதுகிறது. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டு, பதிவு இலாகா பக்கம் போகாத தம்பதிகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். கணவர் இறந்த பிறகு, மனைவி என்ற பங்கைக் கோர அந்தப் பெண் வழக்காட நேரிடும். இதைப் படிக்கும்போது மனத்தில் யாராவது வந்தால், இன்றே அவர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். கெரானில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, இறப்புச் சான்றிதழில் மூன்றாவது எழுத்து. தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) எழுதிய எழுத்துதானே பலருக்கும் பெயராக நிலைத்தது! மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டிவரும்.

பங்கிலும் தவறான நம்பிக்கைகள் உண்டு. முஸ்லிம் அல்லாதவர் உயிலின்றி இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடிருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. மூத்த மகன், கட்டிக்கொடுத்த மகள் என்ற பேதம் சட்டத்தில் இல்லை. பாட்டியின் பங்கை மறந்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

வழக்கறிஞர் வேண்டும் என்றால், மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். பணத்தை நிறுவனத்தின் கணக்கில் செலுத்தி ரசீது பெறுங்கள். கெரானின் அசலைக் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட தாளை வாங்காமல் நாற்காலியிலிருந்து எழாதீர்கள். என்னிடம் வந்தாலும் அப்படித்தான்.

அந்த அம்மாவுக்குப் போலீசில் புகார் செய்து, மாற்றுக் கெரானுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். திருமணப் பத்திரிகையின் நகலை வைத்துக்கொண்டு, அசலை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். டின்னில் எல்லாவற்றுக்கும் அடியில் பத்திரமாக வைத்து மூடினார்.