கடனை அடைத்தால் சூது நின்றுவிடுமா?

எங்கள் கிளினிக்குக்கு முதன்முறை வரும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகின்றன: “மிஸ், இந்தக் கடன எப்பிடியாவது கட்டி முடிச்சிட்டா அவர் திருந்திருவார்தானே?” கேட்பவர் மனைவியாக இருப்பார், மாமியாக இருப்பார், கட்டாரில் இருந்து லீவில் வந்த தம்பியாக இருப்பார். திருந்த மாட்டார் என்று நான் ஒருநாளும் சொல்வதில்லை. கடன் கட்டியதால் மட்டும் சூது நிற்காது என்று சொல்கிறேன். பல வேளைகளில் குடும்பம் கொடுக்கும் அந்தக் காசே அடுத்த ஆட்டத்தைத் தொடக்கி வைக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் குடும்பங்கள் நகையை அடகு வைக்க முன்னரே இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் உளவளத்துணையாளர். வாழைச்சேனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான ஊர்களில் இருந்து ஆட்கள் வருவார்கள். கீழே சொல்லும் சம்பவங்களில் ஆள் யாரென்று தெரியாதபடி விபரங்களை மாற்றியும் கலந்தும் இருக்கிறேன்.

முன்பும் எங்கள் பக்கத்தில் சூது இருந்தது. மர நிழலில் காசு வைத்து 304 சீட்டு விளையாடுவார்கள். டவுனில் புக்கிக்கு, அதாவது பந்தயக் கடைக்குப் போய் இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்குப் பெட் பிடிப்பார்கள். லொத்தர் வாங்காத வீடு குறைவு. ஆனால் அதற்கெல்லாம் வீட்டை விட்டு இறங்கிப் போக வேண்டும், நாலு பேர் காண்பார்கள், கடை பூட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான். இப்போது சூது தலையணைக்குக் கீழே போனில் கிடக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் சத்தத்தை நிறுத்திவிட்டு விடியும்வரை விளையாடலாம். பக்கத்தில் படுத்திருப்பவருக்கே தெரியாது.

படுவான்கரைப் பக்கத்து இளைஞர் ஒருவர். வேளாண்மை வெட்டும் மெசின் லீசிங்கில் எடுத்து ஓட்டியவர். ஐ.பி.எல். நடக்கும்போது கூட்டாளி ஒருவர் வட்ஸ்அப் குழுவொன்றில் சேர்த்துவிட்டார். முகவர் ஒருவர் ‘ஐடி’, அதாவது சூதுத் தளத்தில் விளையாடுவதற்கான கணக்கு, போட்டுக் கொடுத்தார். காசு போட வேண்டியது முன்பின் தெரியாத ஒருவருடைய வங்கிக் கணக்குக்கு. முதல் கிழமை வென்றார்; வென்ற காசு சொன்னபடியே வந்தது. இந்த இடத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் ஏமாற்றப்படுவதில்லை என்பதால்தான் “இது கள்ள வேலையில்ல மிஸ், எனக்கே காசு வந்திச்சு” என்று பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். கிரிக்கெட் மெட்ச் முடிய நேரம் எடுக்கும். அதனால் நடுவில் விமானம் பறக்கும் விளையாட்டுக்குப் போனார். விமானம் ஏற ஏற வைத்த காசு பெருகும். அது மறையுமுன் பொத்தானை அமத்த வேண்டும். ஓர் ஆட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும். பெரும்போக அறுவடையில் உழைத்த காசு, அடுத்து லீசிங் கட்ட வைத்திருந்த காசு, பிறகு நாள் வட்டிக்கு எடுத்த காசு என்று எல்லாம் போனது. அவருக்கு ஆசை பணக்காரராவதில் இருக்கவில்லை. “விட்டத மட்டும் எடுத்திட்டா நிப்பாட்டிருவன்” என்பதே அவருடைய ஒரே நினைப்பு.

விட்டதைத் துரத்துவதுதான் இந்த நோயின் நடு முள். ஆம், நோய்தான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980 இலேயே இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013 இல் மது, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றியது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் இதை அடிமைத்தனமாகவே சொல்கிறது. இணையவழிச் சூதைத் தனியே குறித்தும் காட்டுகிறது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்கு மூளை மிகவும் கட்டுப்படும். ஒரே ஒழுங்கில் வருகிற சம்பளத்துக்கு அந்த ஈர்ப்பு இல்லை. மயிரிழையில் தவறும் தோல்வியும் மூளைக்குள் பாதி வெற்றிபோலப் பதிகிறது. பாக்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள், பரிசை நாடத் தூண்டும் டோபமின் என்ற மூளை இரசாயனத்தின் வழியாக வேலை செய்பவை. அவற்றை எடுத்த நோயாளிகளில் சிலர், அதுவரை சீட்டுக்கட்டையே தொடாதவர்கள், சூதில் விழுந்திருக்கிறார்கள். மருந்தைக் குறைத்ததும் விடுபட்டும் இருக்கிறார்கள். “மனசு வச்சா நிப்பாட்டலாம்தானே” என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். (வீட்டில் யாராவது அந்த மருந்து எடுத்தால் தாமாக நிறுத்த வேண்டாம், டொக்டரிடம் பேசுங்கள்.)

“இவ்வளவு நேரம் தோத்தாச்சு, இனி வரத்தான் வேணும்” என்ற கணக்கும் பொய். 1913 இல் மொன்டே கார்லோ கசினோவில், சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் உள்ள சுழல் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று காசைக் கொட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். முந்திய சுற்றில் என்ன விழுந்தது என்பது சக்கரத்துக்குத் தெரியாது. போனுக்குள் ஓடும் நிரலோ, எப்படிப் பார்த்தாலும் கடைசியில் நிறுவனத்துக்கு இலாபம் வரும்படி எழுதப்பட்டது.

உங்களிலோ உங்கள் ஆளிலோ சந்தேகம் இருந்தால் இரண்டு கேள்விகள் போதும். உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துபவை இவை. வரவரக் கூடுதலான காசு வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு விளையாடினீர்கள் என்பதை வீட்டாரிடம் மறைத்துப் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஓம்’ என்றாலே ஒருவரிடம் பேச வேண்டிய நேரம் அது.

இனிக் கடனுக்கு வருகிறேன். நெருக்கடியில் சிக்கி, அதிலிருந்து மீட்கச் சொல்லி மற்றவர்களிடம் காசு கேட்பதை மருத்துவப் பட்டியல் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்றாகவே எண்ணுகிறது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் சடங்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தருமர் நாட்டையும் தம்பிமாரையும் திரௌபதையையும் வைத்துத் தோற்றதுதான் எங்களுக்கு உடனே நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு நடந்ததையும் நினையுங்கள். திருதராட்டிரன் தோற்ற எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தான். கடன் முழுக்கத் தீர்ந்துவிட்டது. ஆனாலும் மறுபடி ஆட வா என்று அழைத்ததும் தருமர் திரும்பிப் போனார். வனவாசம் வந்தது அந்த இரண்டாவது ஆட்டத்தில்தான். எங்கள் கிளினிக்கில் நான் காண்பதும் அதுவே. மாமா காணி விற்று ஒருமுறை கடனை அடைப்பார். இழப்பு ஒன்றும் மிஞ்சாததால் பயமும் மிஞ்சுவதில்லை. சில மாதத்தில் முந்தியதைவிடப் பெரிய கடன் வந்து நிற்கும்.

எங்கள் கிழக்கில் இதற்குள் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கமும் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில், சீதனமாக வரும். மருமகன் பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். ஆகவே கடன் முற்றியதும் எல்லார் கண்ணும் அந்த உறுதியில் போய் நிற்கும். “ஒரு கையெழுத்து மட்டும் போடும்மா, ஆறு மாசத்தில மீட்டிரலாம்” என்பார்கள். தங்கச்சி, தயவுசெய்து போடாதீர்கள். உங்கள் கணவர் நல்லவராக இருக்கலாம், அழுவதும் உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் முடிவெடுப்பது அவருடைய நோய். ஏற்கனவே ஈடு வைத்தோ, மீட்கலாம் என்ற நிபந்தனையோடு உறுதி எழுதியோ கொடுத்துவிட்டீர்கள் என்றால், உறுதியில் சொன்ன காலம் முடியுமுன் கடன் வாங்கியவரையும் கொடுத்தவரையும் இணக்கத்துக்குக் கொண்டுவரும் கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். வெட்கப்பட்டுத் தவணையைத் தவற விடுவதால் போகிற வீடுகள் இருக்கின்றன.

கடனைக் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் சிகிச்சை தொடங்கட்டும். எல்லாக் கடனையும், அடகு, லீசிங், கிழமைக் கடன், சீட்டுக் காசு, கூட்டாளியிடம் வாங்கிய கைமாற்று உட்பட, ஒரே கொப்பியில் எழுதுங்கள். ஒன்றை ஒளித்தாலும் அந்த ஒன்றுதான் மறுபடி ஆட வைக்கும். காசை அவர் கையில் கொடுக்காமல் கடன் கொடுத்தவரிடமே நேரே கட்டி ரசீது எடுங்கள். அவரே உழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டட்டும். பழைய கடனை மூடப் புதிய கடன் வேண்டாம். பிணைக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தால், நீங்கள் ஆசிரியராக, அரச உத்தியோகத்தராக இருந்தால் கூடுதலாகக் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். சம்பளம் மனைவியோ அக்காவோ பார்க்கும் கணக்குக்குப் போகட்டும். இணைய வங்கிச் சேவையை நிறுத்தச் சொல்லி அவரே வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். போனில் சூதுத் தளங்களை மறிக்கும் செயலிகள் உண்டு, பெட்பிளொக்கர் இலவசம்.

இளம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கொமிசன் தருகிறோம் என்று உங்கள் வங்கிக் கணக்கை முகவர்கள் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். யார் யாருடைய காசோ உங்கள் பெயரில் ஓடும். 2006 ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரணை வந்தால் தேடி வருவது உங்களை, முகவரை அல்ல.

விசயம் வீட்டுக்குத் தெரியவரும் நாள்தான் மிக ஆபத்தான நாள். கடன்காரர் வாசலில் நிற்பார், மாமி அழுவார், ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அந்த இரவு அவரைத் தனியே விடாதீர்கள். “சாக நினைக்கிறீங்களா?” என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சொல்ல வழி கிடைக்கும். வயலுக்கு வைத்திருக்கும் மருந்துகளை அன்றே வீட்டை விட்டு அகற்றிவிடுங்கள். இலங்கையில் தற்கொலை 1990களின் நடுப்பகுதியில் உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு பெருமளவு குறைந்தது. அந்த நேரத்தில் எங்கள் மக்களின் துன்பம் குறைந்துவிடவில்லை, போரும் சுனாமியும் வந்து போயின. கைக்கு எட்டாமல் போனதால் உயிர்கள் தப்பின. 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை அது.

சூதுக்கும் அதே வழிதான், கைக்கு எட்டாமல் வைப்பது. அதைக் குடும்பம் மட்டும் செய்ய முடியாது. இவ்வளவு காலமும் எங்கள் நாட்டில் 1889 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், 2010 இன் கசினோச் சட்டம் என்று துண்டு துண்டாக இருந்தது. போனுக்குள் நடப்பதைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. இணையவழிச் சூதும் இப்போது அதற்குள் வருகிறது. அதே மாதத்தில் இந்தியா, காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை முற்றாகத் தடை செய்தது. எங்கள் அரசு தடுக்கும் வழியை விட்டு, அனுமதி கொடுத்து ஒழுங்குபடுத்தும் வழியை எடுத்திருக்கிறது. சமூகப் பாதிப்பைக் குறைப்பதும் இந்த அதிகாரசபையின் கடமை, அரசுக்கு வருமானம் சேர்வதும் அதன் நோக்கம். இரண்டும் ஒரே மேசையில் இருக்கும்போது எது தோற்கும் என்பதே என் கவலை. 1963 இல் இருந்து அரசே லொத்தர் விற்கிற நாடு இது.

ஆனாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சிங்கப்பூரில் குடும்பத்தவர் விண்ணப்பித்து ஒருவரைக் கசினோவுக்குள் விடாமல் தடுக்கலாம். பிரித்தானியா 2020 ஏப்ரலில் கடனட்டையால் சூதாடுவதை நிறுத்தியது. எங்கள் நாட்டிலும், அனுமதி பெறாத தளங்களுக்குப் போகும் காசை வங்கிகள் மறிக்க வேண்டும், விளம்பரம் நிறுத்தப்பட வேண்டும், சூது வரியில் ஒரு பங்கு மாவட்ட மனநலப் பிரிவுகளுக்கு வர வேண்டும். குடும்பம் தடை கோரும் படிவம் வந்தால் அது தமிழிலும் இருக்க வேண்டும்.

சிகிச்சை இங்கேயே, இலவசமாக இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் நடக்கிறது. சூதை நிறுத்தவென்று தனி மாத்திரை இல்லை. எந்த நேரத்தில், எந்த நினைப்பில் கை போனுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து அதை மாற்றப் பழக்குவதுதான் முக்கிய சிகிச்சை. கூடவே மனச்சோர்வோ குடிப்பழக்கமோ இருந்தால் அதற்கும் மருந்து கொடுப்பார்கள்.

கோயிலில், பள்ளிவாசலில், பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியத்துக்குப் பிறகு ஒருநாள் சறுக்கினால், அதை யாரிடமும் சொல்ல முடியாமல் முழுதாக மூழ்கிவிடுகிறார்கள். சூது ஹராம் என்பது முஸ்லிம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் குற்ற உணர்வாலேயே வாப்பாவிடமும் மௌலவியிடமும் மறைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மௌலவிமாரும் குருக்கள்மாரும் புத்தி சொல்வதோடு நிற்காமல் கிளினிக்குக்கும் அனுப்பி வைத்தால் பெரிய உதவி.

“அவர் வரமாட்டேங்கிறார் மிஸ்” என்றால் நீங்கள் மட்டும் வாருங்கள். அவர் வராவிட்டாலும் உங்களோடு பேசித் தொடங்கலாம். உங்களுக்கும் தூக்கம் இல்லாமல், நெஞ்சு படபடத்து, சாப்பிட முடியாமல் இருக்கும். அதற்கும் நாங்கள் இருக்கிறோம். வரும்போது அடகுத் துண்டுகள், லீசிங் கடிதங்கள், வங்கிப் புத்தகம், வீட்டு உறுதியின் பிரதி இருந்தால் எடுத்து வாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள்.