மூன்று லிவர் வைத்த வண்டி: ஜீப் மேடேறும் ரகசியம்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் ஒன்றில் ஏறி உட்கார்ந்தால் முதலில் குழப்புவது, தரையிலிருந்து முளைத்து நிற்கும் மூன்று லிவர்கள்தான். ஒன்று வழக்கமான கியர். அதன் பக்கத்தில் குட்டையாக இன்னும் இரண்டு. அந்தக் குட்டை லிவர்களை எடுத்துவிட்டால் ஜீப் என்பது கதவில்லாத ஒரு சாதாரண கார். என்ஜினில் பிரமாதமாக எதுவும் இல்லை: 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். இன்று தெருவில் நிற்கும் சின்னக் கார் பலவற்றுக்கு இதைவிட அதிக சக்தி உண்டு. ஆனாலும் அந்தக் கார்கள் திணறும் சேற்றில் ஜீப் நிதானமாக ஊர்ந்து போகும்.

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களிடம் ஒரு சிறிய வண்டி கேட்டது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், எடை 590 கிலோவைத் தாண்டக் கூடாது, மாதிரி வண்டி 49 நாளில் வந்து நிற்க வேண்டும். பதில் சொன்னவை இரண்டே நிறுவனங்கள்: அமெரிக்கன் பான்டம், வில்லிஸ் ஓவர்லேண்ட்.

பான்டம், பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரில் குட்டிக் கார் செய்து கையைச் சுட்டுக்கொண்டிருந்த கம்பெனி. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை வெளியிலிருந்து கூட்டி வந்தார்கள். அவர் இரண்டே நாளில் வரைபடத்தை முடித்துக் கொடுத்தார். செப்டம்பர் 23 மாலை 5 மணி கெடு. அதற்கு அரை மணி நேரம் முன்னால் மேரிலாண்டிலுள்ள ராணுவ முகாமின் வாசலுக்குள் வண்டி நுழைந்துவிட்டது.

590 கிலோ என்பது நடக்காத காரியம். ராணுவமே பிறகு இறங்கிவந்து, வரம்பை 980 கிலோ ஆக்கியது. அதற்கும் வில்லிஸ் வண்டி அடங்கவில்லை. அவர்களுடைய தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ், எல்லோரும் மெச்சிய அந்த என்ஜினை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், வண்டியை அக்கு அக்காகப் பிரித்து நீளமான போல்ட்டுகளைக்கூட வெட்டி எடை குறைத்தார். இரண்டாவது கோட் பெயிண்ட் அடித்திருந்தால் எடை தாண்டியிருக்கும் என்று சொல்வார்கள்.

போர் முடிவதற்குள் ஏறக்குறைய 6.4 லட்சம் ஜீப்புகள் உருவாயின. வில்லிஸ் 3.6 லட்சம், மீதி பின்னால் சேர்ந்துகொண்ட ஃபோர்டு. பான்டம் செய்தது சுமார் 2,700தான். சின்னத் தொழிற்சாலை தாங்காது என்று சொல்லி ராணுவம் அவர்களுடைய வரைபடத்தை மற்ற இருவருக்கும் காட்டிவிட்டது. முதல் ஜீப்பைச் செய்த கம்பெனிக்குக் கடைசியில் கிடைத்தது, ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் செய்யும் வேலை. எனக்கு இது இன்னும் அநியாயமாகத்தான் படுகிறது.

சரி, வேலை செய்யும் விதத்துக்கு வருவோம். நான்கு சக்கரத்தையும் இழுக்க வைப்பதில் பெரிய தலைவலி முன்சக்கரம். பின்சக்கரம் சுழன்றால் போதும். முன்சக்கரம் சுழலவும் வேண்டும், ஸ்டியரிங்குக்கு ஏற்பத் திரும்பவும் வேண்டும். அதாவது சுழலும் தண்டு ஒன்று நடுவில் மடங்க வேண்டும். மடங்கும் மூட்டு பழைய விஷயம்தான். இரண்டு கவைகளும் நடுவில் ஒரு சிலுவையும் கொண்ட மூட்டை இன்றும் லாரிகளின் அடியில் பார்க்கலாம். அதில் ஒரு கோளாறு உண்டு. 30 டிகிரி மடக்கினால், உள்ளே வரும் தண்டு ஒரே சீராகச் சுற்றினாலும் வெளியே போகும் தண்டு சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 13 சதவீதம் பின்தங்கி, இரண்டு முறை 15 சதவீதம் முந்தும். வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரின் கை இதில் உதறிப்போகும்.

1920களிலேயே இதற்கு விடை வந்துவிட்டது. ஆல்ஃபிரட் ர்செப்பா என்ற பொறியாளர் சிலுவைக்குப் பதிலாக ஆறு எஃகுக் குண்டுகளை வைத்தார். தண்டு எவ்வளவு மடங்கினாலும் அந்தக் குண்டுகள் எப்போதும் இரண்டு தண்டுகளுக்கும் சரிபாதிக் கோணத்தில் வந்து நிற்கும். இருபக்கமும் ஒரே தூரம் என்பதால் வேகமும் ஒன்றாகிவிடும். இதைச் செய்ய மிக நுணுக்கமான கடைசல் வேலை தேவை. அதனால் ஒரே வகை மூட்டை நம்பியிருக்காமல் ர்செப்பா, பெண்டிக்ஸ், டிராக்டா என்று கிடைத்ததையெல்லாம் ஜீப்பில் பூட்டினார்கள்.

இப்போது அந்தக் குட்டை லிவர்கள். இரண்டும் போவது டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற ஒரே பெட்டிக்குள். ஒரு லிவரைப் போட்டால் என்ஜினின் சுழற்சி முன் ஆக்சிலுக்கும், அதாவது முன்சக்கரங்களைச் சுழற்றும் அச்சுக்கும், பிரிந்து போகும். இன்னொன்று ஹை, லோ. லோவில் போட்டால் சுழற்சி ஏறக்குறைய பாதியாகும், முறுக்குவிசை இரட்டிப்பாகும். முதல் கியர், லோ, ஆக்சிலின் கிரவுன் பல்சக்கரம் மூன்றும் சேர்ந்து என்ஜினின் முறுக்குவிசையைச் சுமார் 25 மடங்கு பெருக்கிவிடும். 60 குதிரை மேடேறுவது இப்படித்தான். வேகத்தை விற்று விசையை வாங்குகிறது, அவ்வளவுதான்.

ஆனால் முன் ஆக்சில் லிவரைத் தார்ச்சாலையில் போடக் கூடாது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போகும், பின்சக்கரங்கள் சின்ன வட்டத்தில். முன்னது அதிக தூரம் ஓட வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸோ இரண்டு ஆக்சிலையும் ஒரே வேகத்தில் கட்டிப் போட்டிருக்கிறது. சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி இந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது, தண்டுகள் முறுக்கேறி, ஸ்டியரிங் இறுகி, கடைசியில் ஏதாவது ஒரு பல் உடையும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளைக் கவனியுங்கள். பாறையும் குழியுமான பாதை தொடங்கிய பிறகுதான் ஃபோர் வீல் போடுவார்கள்.

அந்த வண்டிகளுக்கும் இதே வம்சம்தான். 1940களின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. இங்கிலாந்தில் ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வைத்திருந்த ரோவர் கார் கம்பெனிப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், அதைப் பார்த்து 1948இல் லேண்ட் ரோவரைக் கொண்டுவந்தார்.

அமெரிக்க ராணுவத்தில் ஜீப்பின் இடத்துக்குப் பிறகு வந்த எம்151இல் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். பள்ளத்தில் சுகம், வளைவில் ஆபத்து. வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் வண்டிக்கடியில் மடங்கி வண்டியைக் கவிழ்த்துவிடும். பின்னாளில் சஸ்பென்ஷனை மாற்றினார்கள். அப்படியும் பயம் போகாமல், கழித்த வண்டிகளை முழுசாகப் பொதுமக்களுக்கு விற்காமல் வெட்டிப் போட்டார்கள்.

1985 வாக்கில் அமெரிக்க ராணுவத்துக்கு அடுத்த வண்டியாக வந்தது ஹம்வீ. அதன் கடைசிப் பல்சக்கரங்கள் சக்கரத்துக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் தண்டு சக்கரத்தின் நடுவுக்கு மேலே ஏறிக்கொள்ள, வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே சுமார் 40 செ.மீ. இடைவெளி கிடைத்தது. ஜீப்பில் அது ஏறக்குறைய 22 செ.மீ.தான்.

ஜீப்பின் பழைய பலவீனம் ஒன்றுக்கும் ஹம்வீயில் மருந்து உண்டு. ஆக்சிலின் நடுவில் இருந்து இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு விசைதான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் அதைச் சுற்ற விசையே வேண்டாம், ஆகவே தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இப்படித் தூக்கிக்கொண்டால் ஃபோர் வீல் ஜீப்பும் அப்படியே நின்றுவிடும். ஹம்வீயின் டார்சன் டிஃபரன்ஷியல், பலவீனமான பக்கம் தாங்கும் விசையைப் போல சில மடங்கை மறுபக்கம் தரும். பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்தானே? அதனால் டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இடது காலால் பிரேக்கையும் லேசாக மிதிப்பார். அந்தரத்துச் சக்கரத்துக்குக் கொஞ்சம் பிடிமானம் வந்துவிடும். அதன் சில மடங்கு விசை தரையிலிருக்கும் சக்கரத்துக்குப் போய், வண்டி மெல்ல அசையும்.