தூணைத் தடிமனாக்கினால் கட்டிடம் எப்படி ஆடும்?

மதுரை கே.கே. நகரில் ஐந்து மாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கார் நிறுத்தும் தளத்தின் தூண்களைப் பலப்படுத்தச் சொல்கிறார்கள். செலவு லட்சக்கணக்கில் ஆகும். நிலநடுக்கம் வராமலேயே அந்த வேலை பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

2002ஆம் ஆண்டு நிலநடுக்க வரைபடத்தின்படி மதுரை இரண்டாம் மண்டலம், அபாயம் குறைவு. ஆனாலும் கேள்வி நியாயமானதுதான். 2001 ஜனவரி 26 அன்று புஜ் அருகே பூமி அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பலவற்றின் தரைத்தளத்தில் சுவர்களே இல்லை. வாகனம் நிறுத்த வெறும் தூண்கள்தாம் நின்றன. மேலே சுவர்கள் இறுக்கிப் பிடிக்க, அசைவு முழுவதும் அந்தத் தளத்தில் போய்ச் சேர்ந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். எந்தக் கட்டிடத்துக்கும் தனக்கென்று ஓர் அலைவுக் காலம் உண்டு. ஒருமுறை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து மீண்டு வர எடுக்கும் நேரம் அது. நம் ஐந்து மாடிக்கு அது சுமார் அரை வினாடி. மொட்டை மாடியில் அசைவைப் பதியும் நுண்ணிய முடுக்கமானி ஒன்றை வைத்தால், தெருவில் போகும் லாரியும் மாலைக் காற்றும் எழுப்பும், நம் உடலுக்குத் தெரியாத அசைவிலிருந்தே அந்த எண்ணை எடுத்துவிடலாம். மானாமதுரையில் கடம் செய்பவர்கள் தட்டிப் பார்த்தே விரிசலைச் சொல்லிவிடுவார்கள்; இங்கேயும் அதே இயற்பியல்தான். விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் தன்மை, குறைந்தால் அலைவு மெதுவாகும். அதிலும் காலம் இரு மடங்கானால் விறைப்பு பாதியாவதில்லை, நான்கில் ஒன்றாகிவிடுகிறது. காலத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக விறைப்பு மாறுவதால், காலம் சற்றே நீண்டாலும் விறைப்பு அதைவிட அதிக விகிதத்தில் குறைந்திருக்கிறது என்று பொருள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

லாஸ் ஏஞ்சலீஸின் வான் நைஸ் பகுதியில் 1966இல் எழுந்த ஏழு மாடி விடுதி ஒன்றில் கருவிகள் இருந்தன. 1971 சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில், சாதாரண நாட்களில் சுமார் அரை வினாடியாக இருந்த அதன் காலம் ஒன்றரை வினாடியை நெருங்கியது. 1994இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் அதே கட்டிடத்தின் நான்காம் தளத்துத் தூண்களைக் குறுக்காக வெட்டிப் பிளந்தது. பிறகுதான் கான்கிரீட் சுவர்கள் சேர்த்துப் பலப்படுத்தினார்கள். பசடேனாவின் ஒன்பது மாடி மில்லிகன் நூலகம் இன்னும் சுவாரசியமானது. குலுங்கும்போது அலைவு மெதுவாகி, நின்றபின் பெருமளவு மீள்கிறது. பெருமழை பெய்தாலும் அதன் அதிர்வெண், அதாவது வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது, சற்று மாறுகிறது! ஆகவே ஒரே ஒருநாள் அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வாசகருக்கு நேரடிப் பதில்: வேலைக்கு முன்பும் பின்பும் அளந்து பாருங்கள். காலம் குறைந்திருந்தால் கட்டிடம் விறைத்திருக்கிறது. ஆனால் விறைப்பு வேறு, முறியாமல் வளைந்து தாங்கும் திறன் வேறு. தவிர, விறைத்த கட்டிடம் கூடுதல் விசையை இழுத்துக்கொள்ளவும் செய்யும். யானைமலையைப் போன்ற கடும்பாறைத் தளத்தில் அதிர்வு குறுகிய கால அலைவுகளாக வருவதால் இதைக் கணக்கில் வைத்தே வடிவமைக்க வேண்டும்.

முன்னும் பின்னும் அளக்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இல்லை. வாடகைக் கருவி, இரண்டு மாணவர்கள், ஒரு பேராசிரியர் போதும். மதுரைப் பொறியியல் கல்லூரிகளுக்கு இதற்கென்று சிறு நிதி ஒதுக்கினால், அரசு மருத்துவமனைக் கட்டிடங்களின் இன்றைய அலைவுக் காலமாவது பதிவில் இருக்கும். அடிப்படை எண் இல்லாமல் நாளைக்கு ஏற்படும் சேதத்தை எதனோடு ஒப்பிடுவது? வாஸ்துவுக்காகத் தரைத்தளச் சுவரை இடித்து வாசலை மாற்ற வேண்டாம் என்றும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் சுவர் இருந்த இடத்தில் இனி தூண் மட்டும்தான் தாங்கும்.

கருவி சொல்லாததைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். தூணைப் பலப்படுத்தும்போது பழைய பூச்சைக் கொத்தி, கான்கிரீட்டைச் சொரசொரப்பாக்கி, சுற்றிலும் புதிய கம்பி கட்டி, குறைந்தது 10 சென்டிமீட்டர் கான்கிரீட் போடுவார்கள். நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனைகள் 135 டிகிரி மடிந்து தூணின் உள்ளே போயிருக்க வேண்டும். 90 டிகிரியில் மடித்துவிட்டால் குலுங்கும்போது திறந்துகொள்ளும். நெடுக்குக் கம்பிகள் தளத்தில் துளையிட்டு மேல்மாடிக்கு ஏறியிருக்கின்றனவா, அல்லது கூரையோடு நின்றுவிட்டனவா என்பதையும் கேளுங்கள். நின்றுவிட்டால் பலம் அந்த இணைப்பைத் தாண்டாது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாளே போய்ப் பாருங்கள், புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.