கேஸ் புக் பண்ணியாச்சு... கனவிலா, நேரிலா?

பறக்கிற கனவை யாரும் நிஜத்தோடு குழப்பிக்கொள்வதில்லை. சிக்கல் வருவது சப்பென்ற கனவுகளில்தான்: கேஸ் புக் செய்தது, மேனேஜருக்கு மெயில் அனுப்பியது, நாத்தனார் போனில் ஏதோ குத்தலாகச் சொன்னது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பெண் (விவரங்களை மாற்றியிருக்கிறேன்), வீட்டு ஓனர் கேட்டருகே நின்று "அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டாயிரம் சேர்த்துக் கொடும்மா" என்று சொன்னதாக நினைத்து அவரிடம் சண்டைக்கே போய்விட்டார். மனிதரோ அந்த வாரம் முழுக்க சேலத்தில் இருந்திருக்கிறார். "அவர் லுங்கி கலர்கூட ஞாபகம் இருக்கு டாக்டர்" என்றார் என்னிடம்.

ஞாபகம் பளிச்சென்று இருப்பது சாட்சியாகாது. கனவுகள் அதிகம் வரும் ரெம் தூக்கத்தில் (மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டம்; 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் விவரித்தது) மூளையின் உணர்ச்சிப் பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்க, 'இது நடந்திருக்குமா?' என்று கேட்கிற முன்பகுதி அசந்திருக்கும். நினைவைப் பதிய உதவும் நார்அட்ரினலின் என்ற மூளை ரசாயனமும் அப்போது குறைவு. அதனால் பெரும்பாலான கனவுகள் மறந்தே போகும். ஆனால் பகலில் தூங்குகிறவருக்கு பக்கத்து வீட்டு குக்கர் விசில், கூரியர் பையன், மேல் மாடியில் டிரில்லிங் என்று ஏதாவது ஒன்று கனவின் நடுவிலேயே எழுப்பிவிடும். அப்போது காட்சி மட்டும் தங்கிவிடுகிறது, அது எங்கிருந்து வந்தது என்பது தங்குவதில்லை.

எப்போதாவது நடந்தால் கவலை வேண்டாம். சண்டைக்குப் போகும் முன் கால் லாக்கைப் பாருங்கள், கூட இருந்தவரைக் கேளுங்கள், அவ்வளவுதான். அடிக்கடி நடந்தால், கூடவே மீட்டிங்கில் கண் சொக்கி, வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் துவண்டால், அது நார்கோலெப்சியாக (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய்) இருக்கலாம். 2014இல் வந்த ஓர் ஆய்வில் இந்த நோயுள்ளவர்களில் 83 சதவீதம் பேர் கனவை நிஜமென்று நம்பியதாகச் சொன்னார்கள். மற்றவர்களில் 15 சதவீதம். இந்த நோயுள்ளவர்களைத்தான் வீட்டில் 'பொய் சொல்றா' என்பார்கள், இல்லையென்றால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். (கயிறு கட்டட்டும், பரவாயில்லை, டாக்டரிடமும் வரட்டும்.) ஓர் இரவு தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்து, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டித் தூக்கம் போடச் சொல்லிப் பார்ப்போம்.

ரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரானோலால், சில மனச்சோர்வு மருந்துகள், பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா ஆகியவையும் கனவுகளைக் கூர்மையாக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். வயதான அப்பாவுக்குப் புதிதாக இந்தக் குழப்பம் வந்து, தூக்கத்தில் கையை வீசி அடிக்கவும் செய்தால், நேராக நரம்பியல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.