வயிறு பக்குபக்குன்னு அடிக்குது

காரைக்குடிப் பக்கத்து அப்பத்தாக்கள் பாதி நோயைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்கி வருவார்கள். "தம்பி, ராத்திரியிலேருந்து புள்ளைக்கு வயிறு பக்குபக்குன்னு அடிக்குது" என்றார் ஒருவர். என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த இளம் மருத்துவர் உடனே வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அப்பத்தா சொன்னது வயிற்றை அல்ல, மூச்சை.

ஸ்டெதாஸ்கோப் கழுத்திலேயே கிடக்கட்டும் என்றேன். பிள்ளை மடியிலேயே இருக்க, சட்டையை மட்டும் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். முழுதாக ஒரு நிமிடம். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிற வேலை இங்கே ஆகாது. கைக்குழந்தை நாலு மூச்சு வேகமாக விடும், சற்று நிறுத்தும், மறுபடி தொடங்கும். அழுதால் கணக்குத் தப்பு.

இருமலோடு வரும் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இது: 2 மாதம் நிரம்பாதது என்றால் நிமிடத்துக்கு 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, அப்புறம் 5 வயது வரை 40. தொட்டாலே நிமோனியா சந்தேகம்தான்.

நுரையீரலின் காற்றுப் பைகளில் நீரும் சீழும் கோத்துக்கொண்டால் அவை லேசில் விரிவதில்லை. ஆழமாக இழுக்க முடியாத பிள்ளை சின்னச் சின்ன மூச்சாக, வேகமாக விட்டு ஈடுகட்டப் பார்க்கும். இன்னும் முற்றினால், மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி குழியும். நம் மார்புக்கூடு கெட்டி. குழந்தையுடையதோ பெரும்பாலும் குருத்தெலும்பு, வளைந்து கொடுக்கும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் பலமாகக் கீழே இறங்க, விலா உள்ளே போகிறது, வயிறு வெளியே எம்புகிறது. அப்பத்தா கண்ணில் பட்டது அந்த எம்பல்தான்.

அம்மை போட்டிருக்கிறது என்று தூக்கி வரும் பிள்ளைக்குக் கேள்வி வேறு: முதலில் எங்கே தெரிந்தது? தட்டம்மை, காய்ச்சலும் சளியும் கண் சிவப்புமாகச் சில நாள் படுத்திவிட்டு, முகத்திலும் காதோரத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும். சின்னம்மை பெரும்பாலும் நெஞ்சு, முதுகுப் பக்கம். சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றையும் ஒரே நாளில் காணலாம். தட்டம்மைக்கு இன்னொரு துப்பும் உண்டு. உடம்பில் தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்பே, கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் உப்புத்தூள் ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நியூயார்க் மருத்துவர் ஹென்றி காப்லிக் 1896-இல் எழுதிவைத்தது. இதற்கெல்லாம் நல்ல வெளிச்சம் வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகளில் பட்டாலை என்கிற உள்கூடம் இருட்டு, பிள்ளையை வெளிச்சம் விழும் வளவு முற்றத்துக்குத் தூக்கி வந்து பார்ப்பதே மேல். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் என்ன, வாயைத் திறந்து பார்த்ததற்கு மாரியாத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மூச்சை எண்ணி முடிக்கும்வரை காத்திருக்கக் கூடாத சமயமும் உண்டு. பிள்ளை பாலே குடிக்கவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரிதான்.

அன்றைக்கு வந்த பிள்ளைக்கு எட்டு மாதம். இளம் மருத்துவர் எண்ணியது 58, நான் எண்ணியது 56. "பால் குடிச்சானா?" என்று கேட்டேன். "ரெண்டு வாய் குடிக்கிறான், மூச்சு வாங்குது, விட்டுடுறான் தம்பி." ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியைப் பிள்ளையின் கால் பெருவிரலில் மாட்டினோம்.