3 மில்லி நொடிக்காக 30 கோடி டாலர்

2010இல் சிகாகோவிலிருந்து நியூஜெர்சி வரை 827 மைலுக்கு ஒரு கண்ணாடி இழைக் கேபிள் போடப்பட்டது. போட்டது ஸ்ப்ரெட் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம். செலவு சுமார் 30 கோடி டாலர். பழைய கேபிள்களைவிட நேரான பாதை. ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம் 16 மில்லி நொடியிலிருந்து 13 ஆகக் குறைந்தது. வாடிக்கையாளர்கள் பங்கு வர்த்தக நிறுவனங்கள். நாம் கண் இமைக்கவே நூறு மில்லி நொடிக்கு மேல் ஆகும். இந்த 3 மில்லி நொடியால் ஊருக்கு என்ன பயன்?

வர்த்தகர்கள் எல்லோரையும் சூதாடிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. நீங்கள் காலை பதினொரு மணிக்கு ஒரு பங்கை விற்க வருகிறீர்கள். அதே நொடியில் வாங்க ஆள் வரவேண்டுமே? இடையில் நிற்பவர்தான் மார்க்கெட் மேக்கர். 100 டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன், 100.10க்கு விற்கிறேன் என்று இரண்டு விலையையும் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். டாலர் மாற்றித் தரும் கடையில் வாங்கும் விலையும் விற்கும் விலையும் வேறாக இருப்பது போலத்தான். நடுவில் இருக்கும் 10 சென்ட் அவர் கூலி. அமெரிக்கப் பங்குச் சந்தைகள் 2001இல் விலையைப் பின்னத்தில் சொல்வதை விட்டுச் சென்ட்டுக்கு மாறின. அதன்பின் கணினிகளும் போட்டியும் சேர்ந்து இந்த இடைவெளியை வெகுவாகச் சுருக்கின. சின்ன முதலீட்டாளருக்கும் ஓய்வூதிய நிதிக்கும் இது உண்மையான லாபம்.

சரி, கேபிள் எங்கே வருகிறது? அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்டு பி 500 குறியீட்டின் ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள், சிகாகோவில் கைமாறுகிறது. அதே குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டின் யூனிட்டுகள் நியூஜெர்சியில் உள்ள சர்வர்களில் கைமாறுகின்றன. சிகாகோவில் விலை ஏறினால் நியூஜெர்சியிலும் ஏறியாக வேண்டும். அந்தச் செய்தி வந்து சேரும் வரை அங்கே பழைய விலைதான் தொங்கிக்கொண்டிருக்கும். முதலில் ஓடிவருபவர் அந்தப் பழைய விலைக்கு வாங்கிவிடுவார். நஷ்டம் மார்க்கெட் மேக்கருக்கு. அப்புறம் அவர் என்ன செய்வார்? அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்த்து இடைவெளியை அகலமாக வைப்பார். கடைசியில் அது நம் தலையில்தான் விடியும்.

எரிக் புடிஷ் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் இதை அளந்து 2015இல் வெளியிட்டார்கள். இப்படிப் பழைய விலையில் லாபம் பார்க்கும் வாய்ப்பு 2005இல் பொதுவாக 97 மில்லி நொடி நீடித்தது. 2011இல் வெறும் 7. ஆனால் ஒவ்வொரு வாய்ப்பிலும் கிடைத்த லாபம் அப்படியேதான் இருந்தது. அவ்வளவு செலவுக்கும் மாறியது யார் முந்துகிறார் என்பது மட்டும். கேபிளும் நிலைக்கவில்லை. கண்ணாடிக்குள் ஒளி மூன்றில் ஒரு பங்கு வேகத்தை இழக்கும் என்பதால், சில ஆண்டுகளிலேயே காற்று வழியே செய்தி அனுப்பும் மைக்ரோவேவ் கோபுரங்கள் அதை முந்திவிட்டன.

அதே நியூஜெர்சியில் ஐஇஎக்ஸ் என்ற சந்தை நேர் எதிராக யோசித்தது. 38 மைல் கேபிளைச் சுருட்டி ஒரு பெட்டிக்குள் வைத்து, வரும் ஆர்டர்களை அதன் வழியாக அனுப்பியது. 350 மைக்ரோ நொடி, அதாவது 0.35 மில்லி நொடி தாமதம், வேண்டுமென்றே. அதற்குள் சந்தை தன் விலையைத் திருத்திக்கொள்ளும். 2016இல் அதற்கு முறையான பங்குச் சந்தை அனுமதியும் கிடைத்தது. புடிஷ் குழுவின் யோசனை இன்னும் எளிது: ஆர்டர்களைச் சிறிது நேரம் சேர்த்து வைத்து, மொத்தமாக ஏலம் விடுங்கள், வேகத்தில் போட்டி போடாமல் விலையில் போட்டி போடட்டும். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் பல ஆண்டுகளாக இப்படி ஏல முறையில் ஓடிய தைவான் பங்குச் சந்தையே 2020 மார்ச்சில் அதை விட்டுத் தொடர் வர்த்தகத்துக்கு மாறிவிட்டது.